காக்காப்பொன்

விவிலியத்தைத் திறந்து இரண்டாம் அதிகாரத்தைக் கடப்பதற்குள்ளேயே தங்கம் வந்துவிடுகிறது. ஏதேனிலிருந்து பிரிந்தோடிய நான்கு ஆறுகளுள் முதலாவதாகிய பீசோன் வளைந்தோடும் நாட்டில் பொன் உண்டு என்றும், அந்தப் பொன் தரமானது என்றும் தொடக்க நூலாசிரியர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மனிதன் இன்னும் பாவம் செய்யவில்லை. ஏவாள் இன்னும் உருவாக்கப்படவில்லை. அணிவித்து அழகு பார்க்க ஒருவருமில்லாத உலகில் பொன்னைப் பற்றிய பேச்சு எதற்கு என்று குருமடத்தில் பயின்ற நாள்களில் நாம் கேட்டதுண்டு. பேராசிரியர் சிரித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

அன்று நம் கண்ணில் படாத ஒன்று இன்று படுகிறது. அவ்வாசிரியர் பொன்னைச் சுரங்கத்தோடு சேர்த்துப் பேசவில்லை. ஆற்றோடு சேர்த்துப் பேசுகிறார். மனித குலம் பொன்னை முதலில் கண்டது ஆற்று மணலில்தான் என்பர். காவிரிக்குப் பொன்னி என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். வடக்கே சுவர்ணரேகை என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரைகளில் ஜார்க்கண்டுப் பழங்குடி மக்கள் மணலை அரித்துப் பொன்துகள் எடுத்து வந்திருக்கிறார்கள். நமக்கு மேற்கே நிலம்பூரில் சாலியாற்றின் மணலை ‘மரவி’ என்னும் மரத்தட்டில் இட்டு நீரில் சுழற்றிச் சுழற்றிப் பொன் பிரிப்பவர்கள் உண்டு. பகல் முழுவதும் இடுப்பளவு நீரில் நின்றால் மாலையில் நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு கிடைக்கும்.

நமது கல்வராயன் மலை இந்தப் பட்டியலில் இல்லை. கச்சிராயபாளையத்தைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில் வெள்ளியாவது உண்டு, பொன் இல்லை. ஆனால் மழை ஓய்ந்து ஓடைகள் தெளியும் நாள்களில் கோமுகிக்கு நீர் கொண்டுவரும் சிற்றோடைகளில் காலை வெயில் சாய்ந்து விழும்போது மணலெல்லாம் மஞ்சளாய் மின்னும். அதைப் பார்த்து மயங்காதவர் மலையில் குறைவு. கீழிருந்து அருவி பார்க்க வருகிறவர்கள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவதை நாமே கண்டிருக்கிறோம்.

மாதம் ஒருமுறை மலையிலுள்ள சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றச் செல்வோம். அவ்வாறு சென்ற ஒரு நாளில், பூசை முடிந்து வெளியே வந்ததும், இருபது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவன் தன் கைப்பேசியை நம்மிடம் நீட்டினான். குடகில் மிளகு பறிக்கச் சென்று திரும்பியிருந்தவன். திரையில் ஒரு வெள்ளைக்காரர் உடம்பெல்லாம் கறுப்பு ரப்பர் உடை அணிந்து, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி மாட்டி, வாயில் ஒரு மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு ஆற்றில் குப்புறக் கிடந்தார். அவர் முகம் நீருக்குள்ளும் குழாயின் நுனி நீருக்கு மேலும் இருந்தன. ஒரு சிறு கடப்பாரையால் பாறை இடுக்கைப் பிளந்து, கையால் விசிறி மண்ணைக் கலைத்து, உறிஞ்சும் குப்பியொன்றால் எதையோ இழுத்தெடுத்தார். அடுத்த காட்சியில் அவர் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவில் ஒரு பொன்கட்டி இருந்தது.

“சாமி, நம்ம ஓடையிலயும் மின்னுது பாருங்க. இந்த மாதிரி ஒரு முகமூடியும் குழாயும் இருந்தாப் போதும்” என்றான்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டபின்தான் விவரம் வந்தது. அவனுடைய அக்காளுக்குத் திருமணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை சமவெளிக்காரர். ஐந்து சவரன் போடவேண்டும் என்பது பேச்சு. ஐந்து சவரன் என்றால் 40 கிராம். கையில் வைத்தால் ஒரு கோழிமுட்டையின் கனம்கூட இராது. அந்தக் கனத்தைச் சுமக்க அவன் குடும்பத்தில் யாருக்கும் முதுகு இல்லை.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. அவன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மின்னும் மணலை வாங்கிக்கொண்டு கீழே வந்து, கள்ளக்குறிச்சியில் நமக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் காட்டினோம். அவர் உரைகல்லைக்கூட எடுக்கவில்லை. இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தார். மணல் சருகு சருகாய்ப் பிரிந்து தூளாயிற்று. “காக்காப்பொன் சாமி” என்றார். நம் பாட்டிமார் கோலப்பொடியில் கலந்தது, கொலுப்பொம்மைக்கு மினுக்கம் கொடுத்தது, அதே அபிரகம். மலையின் பழம்பாறையிலிருந்து மழை கழற்றி வந்த செதில்கள் அவை. காகத்துக்கும் பொன்னுக்கும் என்ன உறவோ தெரியாது. ஏமாந்தவன் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கரைவதால் அப்பெயர் வந்திருக்கலாம் என்பது நம் சொந்த ஊகம்.

பத்தர் மேலும் ஒன்று சொன்னார். பொன்னை நிழலில் பிடித்தாலும் வெயிலில் பிடித்தாலும், இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும், அதன் நிறம் ஒன்றே. காக்காப்பொன் ஒரு பக்கம் திருப்பினால் பளிச்சிடும். மறுபக்கம் திருப்பினால் செத்துப்போகும். சுத்தியலால் தட்டினால் பொன் தகடாகும், மற்றது நொறுங்கும். இதை அப்படியே ஒரு மறையுரையாக்கிவிடும் ஆசை நமக்கு எழாமலில்லை. அடக்கிக்கொண்டோம். அந்தத் தம்பிக்கு வேண்டியது மறையுரை அன்று.

அந்த வெள்ளைக்காரர் செய்வதில் பொய் எதுவுமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். பொன் தண்ணீரைவிட 19.3 மடங்கு அடர்த்தியானது. ஆற்று மணலில் பெரும்பகுதியாக உள்ள வெங்கச்சங்கல் 2.65 மடங்கே. ஆகவே பெருவெள்ளம் ஆற்றின் படுகை முழுவதையும் புரட்டி உருட்டும்போது மணலும் கூழாங்கல்லும் ஓடிவிட, பொன் மட்டும் கீழே கீழே இறங்கி அடிப்பாறையைத் தேடிப் போகிறது. பாறையில் குறுக்காக ஒரு வெடிப்பு இருந்தால் அதில் மாட்டிக்கொள்கிறது. பெரிய கல்லின் பின்புறத்தில், ஆறு வளையும்போது உட்பக்கக் கரையோரத்தில், சுருங்கச் சொன்னால் நீரின் வேகம் தளரும் இடத்தில் எல்லாம் அது தங்கிவிடுகிறது. மரவிக்காரர் மேலே நின்று மணலை அள்ளி அரிக்கிறார். மூச்சுக்குழாய்க்காரர் தாமே கீழே போய் அந்த வெடிப்பை நேரில் பார்க்கிறார். கலிஃபோர்னியாவிலும் ஆரிகனிலும் இது பலருக்கு விடுமுறை நாள் விளையாட்டு, சிலருக்கு வயிற்றுப்பாடு. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் ஒரு மர அறுவை ஆலையின் வாய்க்காலில் பொன்துகளைக் கண்டதும் உலகமே அந்த மாநிலத்துக்கு ஓடியது நாமறிந்த கதை. பிற்காலத்தில் ஆற்றடி மண்ணை எந்திரத்தால் உறிஞ்சிப் பொன் எடுப்பவர்கள் பெருகினார்கள். மீன்களுக்கும் ஆற்றுக்கும் கேடு என்று 2009-இல் கலிஃபோர்னிய அரசு அந்த எந்திரங்களுக்குத் தடை விதித்தது. பழைய பொன்வேட்டைக்காரர்கள் சிந்திவிட்டுப் போன பாதரசம் ஆற்றடியில் உறங்குகிறது; அதைக் கிளறக்கூடாது என்பதும் ஒரு காரணம். எனவே கைக்கருவிகளோடு மூழ்குகிறவர்களின் முறை இன்னும் பேசப்படலாயிற்று.

ஆனால் அவருக்குக் கீழே பாறையில் பொன்னரேகை உள்ள மலை இருந்தது. இவனுக்கு இல்லை. எத்தனை வெடிப்பைத் துழாவினாலும் மலையில் இல்லாதது ஓடையில் வராது.

பொன் இருக்கும் மலை வாய்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நமக்குத் தெரியாததன்று. நீலகிரியின் மேற்குச் சரிவில் தேவாலா, பந்தலூர் என்னும் ஊர்களைச் சுற்றி 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெரும் பித்து மூண்டது. ஆஸ்திரேலியப் பொன்வயல்களில் பழகிய பிரஃப் ஸ்மித் என்னும் அறிஞரை அழைத்துவந்து ஆய்வு எழுதச் செய்தார்கள். லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. நாற்பது லட்சம் பவுனுக்கு மேல் முதல் திரண்டது. காட்டுக்குள் எந்திரங்கள் வந்து இறங்கின. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் கவிழ்ந்தது. கல்லிலிருந்து வந்த பொன் செலவைக்கூடத் தாங்கவில்லை. பங்கு வாங்கியவர்களின் பணம் பங்கு விற்றவர்களின் பைக்குப் போனதைத் தவிர அங்கு வேறு பெரிய உற்பத்தி நடக்கவில்லை எனலாம். பிற்காலத்தில், 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பலர் அந்தப் பகுதியில் குடியேறினார்கள். கைவிடப்பட்ட அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி மண்சரிந்து மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன.

கோலாரின் கதை வேறு. அங்கே பொன் உண்மையாகவே இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல், தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன ஏழைத் தமிழர்கள் இறங்கினார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் கணிசமானோர். பாறை வெடிப்பில் இறந்தவர்கள் போக, கல்தூசியை உள்ளிழுத்து நுரையீரல் கெட்டு வீட்டுத் திண்ணையில் மெல்ல மெல்ல இறந்தவர்களும் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருவுக்குக் கூலிவேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்த மண்ணிலிருந்து 800 டன் அளவுக்குப் பொன் எடுக்கப்பட்டது என்பர். அதில் ஒரு குன்றிமணி அளவும் இல்லாத கழுத்துகளை அங்கே ஏராளமாகக் காணலாம்.

யோபு நூலின் இருபத்தெட்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஞானம் எங்கே கிடைக்கும் என்னும் கேள்விக்காக அது நினைவுகூரப்படுகிறது, சரியே. ஆனால் அக்கேள்விக்கு முன்னால் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி இத்தனை நுணுக்கமாக எழுதிய கை வேறெந்த விவிலிய நூலிலும் இல்லை. இருளுக்குள் விளக்கு கொண்டுபோவது, மனித நடமாட்டமற்ற ஆழத்தில் கயிற்றில் தொங்கி ஆடுவது, நீரூற்றின் கசிவை அடைப்பது எல்லாம் அங்கே இருக்கின்றன. நெருப்பில் புடமிட்ட பொன்னைப் பற்றி மேடையில் எவ்வளவோ பேசப்படுகிறது. நெருப்புக்கு வருமுன் அது யாருடைய கையில் இருந்தது என்பதை யோபு நூலாசிரியர் மட்டும் ஒரு கணம் நின்று பார்த்திருக்கிறார்.

கயிறு என்றதும் தூத்துக்குடி நினைவுக்கு வருகிறது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்று, 1542-இல் புனித சவேரியாரின் வருகையால் விசுவாசத்தில் ஊன்றிய முத்துக்குளித்துறை மக்கள் நமக்கு அன்னியரல்லர். முத்துக் குளிக்கும் சலாபத்தில் குளியாள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்கவேண்டும். ஒரு நொடி பிந்தினால் பிணத்தை இழுக்க நேரும். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் குளியாளின் மைத்துனராக இருப்பார் என்று சொல்வதுண்டு. தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பது அவருக்கு மறக்காதல்லவா? 1961-க்குப் பிறகு அங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் அறிவு நமக்கு வியப்பளிக்கிறது. தம்பி காட்டிய படத்தில் ஆற்றுக்குள் கிடந்த மனிதருக்குக் கயிறு பிடிக்க எவரும் இல்லை. கடப்பாரையால் கல்லை அசைத்துக்கொண்டிருக்கும்போது அக்கல் கையின்மேல் சரிந்தால், மூச்சுக்குழாயின் நுனிக்கு மேலே வெள்ளம் ஒரு சாண் ஏறினால், முடிந்தது. நம் மலை ஓடைகளில் மேலே பெய்த மழை கீழே நிற்பவனுக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மலையிலுள்ள இளைஞருக்கு எதிரே திறந்திருக்கும் வாசல்கள் எவை என்று நாம் எண்ணிப் பார்த்தோம். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் கூலியில்லா உழைப்புக்கு ஆட்பட்டிருந்த மக்கள் இவர்கள். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி இவற்றால் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியாது. குடகிலும் கேரளத்திலும் மிளகும் காப்பியும் பறிக்கப் போகலாம். மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். செம்மரம் வெட்டப் போகலாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேருள் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைக்காரர்கள். சாராயம் காய்ச்சலாம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது நாம் கேட்ட அழுகைக்குச் சாதி மத வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இந்த வாசல்களுக்கு நடுவே ஓடையில் முகத்தைப் புதைத்துப் பொன் தேடுவது ஒன்றுதான் யாரையும் கெடுக்காத வழியாக அவனுக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

உண்மையில், சிறிய அளவில் பொன் எடுக்கும் தொழிலும் கேடற்றதன்று. பொன்துகளைத் திரட்டப் பாதரசத்தைச் சேர்த்துப் பிசைந்து, பிறகு அதைச் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்குவது உலகெங்கும் ஏழைப் பொன்னரிப்போர் செய்வது. மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு இவ்வாறு வெளிப்படுவதென்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் பொன் சுரங்கங்களின் பாதரச மாசைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். வெகுதூரம் போகவேண்டாம். கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடைச் சேற்றை அள்ளி அரித்து, பட்டறையிலிருந்து தவறிவந்த பொன்துகளைப் பிரிக்கும் அரிப்புக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு, அவர்கள் விரல்களின் தோல் எப்படியிருக்கும் என்பது தெரியும்.

மறுமாதம் மலைக்குப் போனபோது பத்தர் சொன்னதைத் தம்பியிடம் சொன்னோம். அவன் முகம் வாடவில்லை; “அப்ப வேற என்ன சாமி செய்யறது?” என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாம் போக வேண்டிய இடம் மாப்பிள்ளை வீடு என்று பட்டது. மலையில் இவர்கள் வழக்கம் நேர்மாறானது. மாப்பிள்ளை வீட்டார்தாம் பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கவேண்டும். தானியமும் பணமுமாகக் கொடுப்பார்கள். பெண்ணைப் பெற்றவன் பொன் தேடி அலையும் வழக்கம் சமவெளியிலிருந்து பேருந்து ஏறி மேலே போன சரக்கு. அதை ஏற்றி அனுப்பியவர்களுள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-இல் வந்தது. நாம் பீடத்திலிருந்து மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கும்படி கேட்கிறோம். ஐந்து சவரன் ஒரு தடை என்று எவரும் எழுந்து சொன்னதில்லை.

மாப்பிள்ளையின் தந்தை மரியாதையாக உட்கார வைத்தார். “நாங்க கேக்கலீங்க சாமி, ஊர் வழக்கம்” என்றார். ஊர் என்பவர் யார், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று நாம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மோர் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய தாய்தான் கடைசியில், தமக்குப் பிறந்த வீட்டில் போட்ட நான்கு சவரனும் முதல் மூன்று ஆண்டுக்குள் அடகுக் கடையில் முழுகிப்போனதை உரத்த குரலில் நினைவுபடுத்தினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஐந்து மூன்றாயிற்று. அதற்கு மேல் இறங்கவில்லை. திருமணம் நடந்தது; ஓலையும் நாமே வாசித்தோம். மூன்று சவரனுக்காகத் தம்பி குடகு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினான். அடுத்த இரண்டு பறிப்புக் காலமும் அவருக்குச் சொந்தம்.

முகமூடியையும் மூச்சுக்குழாயையும் அவன் அதற்குள் புதுச்சேரியிலிருந்து ஒருவர் மூலம் வாங்கிவிட்டிருந்தான். அவை வீணாகவில்லை. குடகிலிருந்து திரும்பும் இடைமாதங்களில், கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டக்காரர்கள் கிணற்றில் விழுந்த மோட்டாரையும் புட்வால்வையும் எடுத்துத் தர அவனைக் கூப்பிடுகிறார்கள். மூச்சுக்குழாய் அங்கே உதவாது, முகமூடி உதவுகிறது. இறங்குமுன் எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்கிறான். அது அணையாமல் இருந்தால்தான் காலை வைக்கிறான். சென்ற கோடையில் ஒரு நாள் அவ்வழியே போகும்போது நாமும் நின்று பார்த்தோம். அறுபதடிக் கிணறு, அடியில் இரண்டாள் ஆழத் தண்ணீர். மேலே வடக்கயிற்றைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவனுடைய அக்காள் கணவர். கயிறு கையில் இருக்கும்போது பீடி பற்ற வைக்கக்கூடாது என்று மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறானாம்.